மாக்ரோ லென்ஸுக்கு மலிவான ஹூட்

சென்ற இதழில் பழைய காமிராவையும் லென்ஸையும் சோதித்து வாங்கும் முறைகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்களிடமிருந்து கடிதங்கள் சில வந்துள்ளன. அவற்றுள் தானேயில் வாழும் சகோதரி ஒருவரின் கடிதத்திற்கு இந்த இதழில் விரிவாக விடை கூற விரும்புகிறோம். அவர் கேட்டிருப்பது ஒரு சிறு பொருளைப் பற்றியதே. ஆயினும் வரவறிந்து செலவு செய்யும் குடும்பங்கள் அனைத்திற்கும் அவ்விடை பயன்படும் என நம்புகிறோம்.

சகோதரியின் கணவரும் நம்மைப் போல் ரயில்வே ஊழியர். 2025ஆம் ஆண்டு தசராவை ஒட்டி ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் சம்பளம் போனஸாக அறிவிக்கப்பெற்றது. அதன் உச்ச வரம்பு 17,951 ரூபாய். அத்தொகையின் பெரும்பகுதியைச் செலவிட்டு, கானன் கம்பெனியாரின் 100 மி.மீ. எஃப்/2.8 மாக்ரோ யு.எஸ்.எம். லென்ஸ் ஒன்றை அவர்கள் பழைய சரக்காக வாங்கியுள்ளனர். நோக்கம் இரண்டு. 1960களில் சகோதரியின் மாமனார் பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்தபோது, எழுதப் படிக்க அறியாத அவருடைய தாயார் ஊரில் அண்டை வீட்டாரைக் கொண்டு எழுதுவித்து அனுப்பிய அஞ்சலட்டைகள் ஒரு தகரப் பெட்டியில் உள்ளன. அவற்றின் மை ஆண்டுதோறும் மங்கி வருகிறது. எழுத்து முற்றும் மறையு முன் அவற்றைப் படமெடுத்து வைக்க வேண்டும். இது முதல் நோக்கம். கல்லூரியில் உயிரியல் பயிலும் மகளுக்கு வண்ணத்துப்பூச்சிகளையும் தும்பிகளையும் படமெடுக்கும் ஆர்வம் உண்டு. இது இரண்டாவது.

லென்ஸுடன் ஹூட் வரவில்லை. போரிபந்தர் நிலையத்திற்கு எதிரேயுள்ள போரா பஜார் தெருவில் விசாரித்தபோது, ஒரு கடைக்காரர் கம்பெனி ஹூட்டைத் தவிர வேறெதுவும் ஆகாது என்றாராம். மற்றொருவர், அதே வடிவில் வேறொருவர் செய்த மாற்று ஹூட்டைச் சில நூறு ரூபாய்க்குத் தருவதாகக் கூறினாராம். "போனஸ் பணம் தீர்ந்துவிட்டது. மாற்று ஹூட்டை நம்பி வாங்கலாமா? அல்லது கம்பெனி ஹூட் வாங்கப் பணம் சேரும் வரை அஞ்சலட்டை வேலையைத் தள்ளிவைப்பதா?" என்று சகோதரி கேட்கிறார்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். மாற்று ஹூட் போதும். ஆனால் சோதித்து வாங்க வேண்டும். அஞ்சலட்டை வேலையை ஒரு நாளும் தள்ளிவைக்க வேண்டா. காரணங்களை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஹூட்டின் தொழில் யாது?

வெயிலில் நடப்பவர் தொலைவில் வரும் ஆளை அடையாளம் காண நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பதை நாம் அறிவோம். ஹூட் செய்வதும் அதுவே. படத்திற்குள் வர வேண்டிய ஒளி லென்ஸின் நேர் எதிரிலிருந்து வருகிறது. பக்கவாட்டிலிருந்து சாய்வாக வந்து கண்ணாடியின்மீது விழும் ஒளியோ படத்திற்கு உதவாதது. அது கண்ணாடிகளுக்கிடையே பட்டுத் தெறித்து, படம் முழுவதும் மெல்லிய வெண்திரையை விரித்தாற்போல் படர்கிறது. கறுப்பு சாம்பலாகிறது, வண்ணங்கள் வெளிறுகின்றன. மங்கிய மையை மங்கிய தாளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய வேலையில் இவ்வெண்திரை எத்துணைத் தீங்கு செய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே ஹூட் என்பது ஒளியைத் தடுக்கும் ஒரு கறுப்புக் குழல். அதில் கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை, அசையும் உறுப்பும் இல்லை. லென்ஸின் திறமை கண்ணாடியைச் செய்தவரின் திறமையைப் பொறுத்தது. அங்கே கம்பெனியின் பெயருக்கு மதிப்புண்டு. குழலின் திறமையோ அதன் நீளம், வாயின் அகலம், உட்புறக் கறுப்பு, பொருந்தும் உறுதி ஆகிய நான்கைப் பொறுத்தது. இந்நான்கும் சரியாயிருப்பின், செய்தவர் யாராயினும் ஒளிக்குத் தெரியாது.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டா

அகலப் பாதையில் ஓடும் பெட்டியை மீட்டர் பாதையில் ஏற்ற இயலாது. ஒன்றின் அகலம் 1,676 மி.மீ.; மற்றொன்றின் அகலம் 1,000 மி.மீ. ஹூட்டிலும் இத்தகைய கண்டிப்பு உண்டு. கானன் ஹூட்டுகள் பல, திருகி மாட்டும் வகையன்று. லென்ஸின் விளிம்பில் வைத்துச் சிறிது திருப்பினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் வகை. ஒரு லென்ஸுக்குரிய பூட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

சகோதரி வாங்கியுள்ள லென்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குரிய ஹூட்டின் பெயர் இ.டி.-67. இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். 67 என்பது லென்ஸ் வாயின் அளவு என்று கருதிவிடுகின்றனர். அது தவறு. இந்த லென்ஸில் பில்டர் திருகும் வாய் 58 மி.மீ. பில்டர் வாய் உண்மையிலேயே 67 மி.மீ. உள்ள லென்ஸ், 2009ஆம் ஆண்டில் கானன் வெளியிட்ட 100 மி.மீ. எல் மாக்ரோ ஐ.எஸ். லென்ஸாகும். அதற்குரிய ஹூட்டோ இ.டி.-73, அது லென்ஸுடன் பெட்டியிலேயே வருவது. கானனின் 60 மி.மீ. இ.எஃப்-எஸ் மாக்ரோ லென்ஸுக்கு வாய் 52 மி.மீ.; ஹூட் இ.டி.-67பி. கடைசியில் உள்ள 'பி' என்னும் ஓரெழுத்தைக் கவனியாமல் வாங்கினால் பொருந்தாத குழலோடு வீடு திரும்ப நேரும். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த பழைய 100 மி.மீ. மாக்ரோ லென்ஸ் ஒன்றும் சந்தையில் உலவுகிறது. அதன் பெயரில் யு.எஸ்.எம். என்னும் எழுத்துகள் இரா. வாயும் 52 மி.மீ. ஆகவே "100 மி.மீ. மாக்ரோவுக்கு ஹூட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்பது போதாது. லென்ஸின்மீது எழுதியுள்ள பெயர் முழுவதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். லென்ஸையே கையில் கொண்டு செல்வது அதனினும் நன்று.

மாற்று ஹூட் செய்வோர் தம் பொருளுக்குத் தம் பெயரும் எண்ணும் இட்டு, எந்தக் கம்பெனி ஹூட்டுக்கு ஈடாகச் செய்யப்பட்டது என்பதை உறையில் அச்சிட்டிருப்பர். இது நேர்மையான வணிகம். மாற்று ஹூட்டின் விலையில், கானன் என்ற பெயரே பொறித்த ஹூட்டை ஒருவர் கொடுத்தால் ஐயுறுங்கள். மாற்றுப் பொருள் வேறு, போலிப் பொருள் வேறு. மாற்றுப் பொருளுக்கு நாம் கொடுப்பது அதற்குரிய விலை. போலிப் பொருளைச் செய்பவரோ வாங்குபவரை ஏமாற்றவே பெயரைத் திருடுகிறார். முதற்பொய் சொன்னவர் பூட்டின் அளவில் மட்டும் உண்மை பேசுவார் என்பதற்கு உறுதி என்ன?

திருகும் வகையும் ரப்பர் வகையும்

பூட்டும் வகை கிடைக்காவிடின், 58 மி.மீ. பில்டர் வாயில் திருகி மாட்டும் ஹூட் கிடைக்கும். இதில் உலோகம், ரப்பர் என இருவகை உண்டு. உலோக ஹூட் உறுதியானது. ஆனால் கீழே விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் லென்ஸின் திருகுமறையில் இறங்கும். ரப்பர் ஹூட் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். மடித்துவிட்டால் பையில் இடமும் அடைக்காது. மாலை 6 மணிக்குக் கல்யாண் லோக்கலில் காமிராப் பையுடன் ஏறும் அன்பர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

திருகும் வகையில் அகலக் கோணத்திற்கு ஒன்று, தொலைநோக்கிற்கு ஒன்று எனத் தனித்தனியே விற்பர். 100 மி.மீ. லென்ஸுக்குத் தொலைநோக்கு வகையையே கேட்டு வாங்க வேண்டும். அகலக் கோண ஹூட் மிகக் குட்டையானது. அதை மாட்டினால் கெடுதி இல்லை. நிழலும் போதிய அளவு இராது.

மாக்ரோவுக்கே உரிய தொல்லை

இனிக் கூறப்போவது மாக்ரோ லென்ஸ் உடையவர்கள் அவசியம் அறிய வேண்டியது. இந்த லென்ஸின் மிகக் கிட்டிய தூரம் 31 செ.மீ. என்று குறிக்கப்பட்டுள்ளது. பலர் இதனை லென்ஸின் நுனியிலிருந்து அளக்கின்றனர். அவ்வாறன்று. காமிராவுக்குள் படம் விழும் தளத்திலிருந்து அளக்கப்படும் தூரம் அது. காமிராவின் மேற்புறத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடுமாகப் பொறித்திருக்கும் குறி அத்தளத்தையே காட்டுகிறது. அந்த 31 செ.மீட்டரில் காமிராவின் தடிப்பும் லென்ஸின் நீளமும் கழிந்தபின், பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே எஞ்சுவது ஏறத்தாழ 15 செ.மீ. மட்டுமே. ஹூட்டின் நீளம் இந்த 15 செ.மீட்டரிலிருந்து கழியும். ஹூட் 7 செ.மீ. எனின் மிச்சம் 8 செ.மீ.

பூச்சியை அதன் உண்மை அளவிலேயே படத்தில் பதிக்க விரும்பி அத்துணை நெருங்கும்போது ஹூட் இடையூறாகிறது. அதன் நிழல் பூவின்மேல் விழுகிறது, இலையில் இடிக்கிறது, தும்பி பறந்துவிடுகிறது. காமிராவின் உச்சியிலிருந்து எழும் சிறு பிளாஷை உபயோகித்தால், ஹூட்டின் நிழல் படத்தின் கீழ்ப்பகுதியில் பிறைபோல் கறுத்து விழும். லென்ஸின் நுனியில் வளையமாக மாட்டும் பிளாஷுக்கும் ஹூட்டைக் கழற்றியே ஆகவேண்டும். எனவே மிக நெருங்கிய வேலைக்கு ஹூட் வேண்டா. அரை மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் நின்று எடுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும், முகப் படத்திற்கும், அஞ்சலட்டைக்கும் ஹூட் உதவும்.

இதனையும் எண்ணிப் பாருங்கள். பாதி நேரம் கழற்றிப் பைக்குள் கிடக்கப் போகும் குழலுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுப்பதா, சில நூறு கொடுப்பதா? பூச்சிப் படமே முதன்மை எனக் கொண்டவர்கள் முதலில் எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய ஹூட்டைத் தேட வேண்டும். பெயரை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.

கடையிலேயே செய்யவேண்டிய சோதனைகள்

முதலாவது, பொருத்தம். ஹூட்டை லென்ஸில் மாட்டித் திருப்புங்கள். பூட்டும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். பின் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்ல உலுக்குங்கள். ஹூட் ஆடினாலோ தானே திரும்பினாலோ வேண்டா என்று கூறிவிடுங்கள். அளவு மீறி இறுகியிருப்பதும் கூடாது. கழற்றும் பலவந்தத்தில் லென்ஸின் விளிம்பு தேயும்.

இரண்டாவது, தலைகீழ்ப் பொருத்தம். பையில் வைக்கும்போது ஹூட்டைத் திருப்பி லென்ஸின்மேல் கவிழ்த்து மாட்டுவது வழக்கம். அவ்வாறும் பூட்டிக்கொள்கிறதா, அப்போது லென்ஸின் மூடியைப் போட்டு எடுக்க விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, உட்புறம். கைப்பேசியின் விளக்கை ஏற்றி ஹூட்டுக்குள் சாய்வாகக் காட்டுங்கள். உட்புறம் கரி பூசியதுபோல் ஒளியை விழுங்க வேண்டும். மெருகிட்ட பலகைபோல் மினுங்கினால், வெளியொளியைத் தடுக்க வந்ததே அவ்வொளியை லென்ஸுக்குள் திருப்பிவிடும். மலிவு ஹூட்டுகளில் பெரும்பாலும் காணும் குறை இதுவே. எனினும் மற்றவையெல்லாம் சரியாயிருப்பின் இக்குறைக்காக மட்டும் ஒதுக்க வேண்டுவதில்லை. பின்புறம் பசையுள்ள கறுப்பு வெல்வெட் தாளை அளவாக வெட்டி உள்ளே ஒட்டினால் குறை தீரும். பெயிண்ட் பூச வேண்டா. நாளடைவில் உரிந்து கண்ணாடியின்மேல் உதிரும்.

நான்காவது, மூலைகள். ஹூட் அளவு மீறி நீண்டாலோ வாய் குறுகினாலோ படத்தின் நான்கு மூலைகளும் கறுக்கும். இதனை அறிய, லென்ஸைத் தொலைதூரத்திற்கு முடுக்கி, துவாரத்தை எஃப்/11 அளவுக்குக் குறைத்து, வெண்சுவர் ஒன்றைப் படமெடுங்கள். பின் ஹூட்டைக் கழற்றி அதே சுவரை மீண்டும் எடுங்கள். இரண்டு படங்களிலும் மூலைகள் ஒத்திருக்க வேண்டும். துவாரம் முழுதும் திறந்திருக்கையில் மூலைகள் இயல்பாகவே சற்று இருளும். அது லென்ஸின் குணம். ஆதலால்தான் துவாரத்தைக் குறைத்துச் சோதிக்கச் சொல்கிறோம். தொலைதூரத்தில் சோதிப்பதற்கும் காரணம் உண்டு. மாக்ரோ லென்ஸ் கிட்டத்தில் குவியும்போது அதன் பார்வைக் கோணம் குறுகும். அப்போது ஹூட் மூலைகளில் தட்டாது. தொலைவில் தட்டாத ஹூட் கிட்டத்தில் தட்டுமோ என்ற அச்சம் வேண்டா.

இந்நான்கையும் செய்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். சோதிக்க இசையாத கடையில் வாங்குவதைத் தவிருங்கள். தபாலில் தருவிப்பதாயின், திருப்பி அனுப்பும் கெடு முடியு முன் வீட்டிலேயே சோதித்து முடியுங்கள். பில்லை எறிந்துவிட வேண்டா.

ஹூட்டால் ஆகாதவை

ஒளி படத்திற்குள்ளேயே இருந்தால் ஹூட் யாதும் செய்ய இயலாது. பூவின் பின்னே சூரியன் தெரியுமாறு எடுத்துவிட்டு ஹூட்டைக் குறை கூறுவது முறையன்று. கண்ணாடியின்மேல் படிந்த விரல் ரேகையும் தூசியும் இதே வெண்திரையைத் தரும். அவற்றைத் துடைக்க வேண்டும். மலிவான பில்டர் மாட்டியிருந்தால் அதனைக் கழற்றிப் பாருங்கள். குற்றம் பலமுறை அங்கேயே இருக்கும். அஞ்சலட்டையின் மேற்பரப்பில் ஒளி பட்டு மினுங்குவதையும் ஹூட் போக்காது. ஒளி வரும் திசையைச் சாய்த்தால் அது போகும்.

சகோதரிக்கு நம் யோசனை

அஞ்சலட்டைகளை இந்த ஞாயிறன்றே எடுக்கத் தொடங்குங்கள். நேர்வெயில் புகாத ஜன்னலின் அருகே மேஜையை இடுங்கள். வெயில் பட்டால் எஞ்சியுள்ள மையும் வெளுக்கும். அஞ்சலட்டையைக் கறுப்புத் துணியின்மேல் சமமாக வையுங்கள். ஜன்னல் ஒளி பக்கவாட்டிலிருந்து வரட்டும். காமிராவை முக்காலியில் நிறுத்தி, நேர் மேலிருந்து நோக்குமாறு அமையுங்கள். பின் லென்ஸின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடியின்மேல் ஜன்னலின் ஒளி பளிச்சென்று தெரிந்தால் அங்கே நிழல் வேண்டும் என்பது பொருள். ஹூட் இல்லாவிடினும், கறுப்பு அட்டை ஒன்றை ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் இடையே மகள் பிடித்துக்கொள்ளட்டும். அட்டையின் நிழல் கண்ணாடியின்மேல் விழ வேண்டும், அஞ்சலட்டையின்மேல் விழலாகாது. அட்டை படத்திற்குள் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவே. அந்த நிமிடத்தில் அவ்வட்டை செய்யும் வேலைக்கும் கம்பெனி ஹூட் செய்யும் வேலைக்கும் வேற்றுமை இல்லை. அஞ்சலட்டையின் முகவரிப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். அஞ்சல் முத்திரையிலுள்ள நாளும் ஊரும் பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அடுத்த மாதச் சம்பளத்தில் சில நூறு ரூபாய் ஒதுக்க முடிந்தால், இ.டி.-67க்கு ஈடான மாற்று ஹூட்டை மேற்கூறிய நான்கு சோதனைகளுடன் வாங்குங்கள். மகள் மாஹிமில் உள்ள இயற்கைப் பூங்காவிற்கோ போரிவலிக் காட்டிற்கோ செல்லும்போது அது உதவும். மழைத்தூறலும் முட்கிளையும் கண்ணாடியை அண்டாமல் காக்கும். மிச்சமாகும் தொகையில் இன்னொரு மெமரி கார்டு வாங்கி, அஞ்சலட்டைப் படங்களின் மறுபிரதியை ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே பெட்டியில் இருக்கும் பொருளுக்கு ஒரே ஆபத்து போதும்.

மாமனாரின் தாயார் ஒவ்வோர் அஞ்சலட்டைக்கும் அண்டை வீட்டாரின் ஓய்வு நேரத்திற்காகக் காத்திருந்திருப்பார். மகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமுமான அட்டையில் அடக்கச் சொல்லியிருப்பார். அவ்வெழுத்து இத்தனை ஆண்டு நிலைத்தது பெரிது. விலையுயர்ந்த ஒரு குழலுக்காக அதனை இன்னும் காக்க வைத்தல் தகாது.

அடுத்த இதழில், இவ்வாறு எடுத்த படங்களுக்குப் பெயரும் நாளும் இட்டு, தேடியவுடன் கிடைக்குமாறு அடுக்கி வைக்கும் முறையைப் பற்றி எழுதுவோம். அன்பர்கள் தங்கள் ஐயங்களைச் சங்க முகவரிக்கு எழுதியனுப்பக் கோருகிறோம்.